சாவி கையில் இருந்த வரை

ஓய்வு பெற்ற மறுநாளும் விடிவதற்கு முன்பே விழிப்பு வந்துவிட்டது. என்ன செய்வதென்று தெரியாமல் சட்டையை மாட்டிக்கொண்டு, வருடக்கணக்கில் நான் தண்ணீர் திறந்துவிட்ட தெருக்களிலேயே நடந்தேன். அன்று இரண்டாவது தெருவின் முறை. பெண்கள் வாசலில் குடங்களோடு நின்றார்கள். முந்தின வாரம் வரை என் சைக்கிள் முக்கில் திரும்பினாலே "வந்துட்டாருங்க" என்று ஒரு குரல் தெருவின் கடைசி வரை ஓடும். அன்று ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. தீபாவளிக்குத் தவறாமல் முறுக்கு கொடுத்தனுப்பும் ஓர் அம்மா மட்டும் திரும்பி, "சித்த தள்ளிக்கங்ணா, டியூப்ப மிதிச்சுட்டு நிக்கறீங்க" என்றார். அவர் குரலில் கோபம் எதுவும் இல்லை. நான் காலை எடுத்துக்கொண்டேன்.

இப்போது என் வேலையைப் பார்க்கும் முத்துக்குமார் டீக்கடையில் என்னைக் கண்டால் விடமாட்டார். "உங்களப் பாத்தா கவுன்சிலரே வண்டிய நிறுத்திப் பேசுவாராமா? எங்களையெல்லாம் இப்ப யாருங்ணா மதிக்கறாங்க" என்பார். நான் ஏதோ சொல்லிச் சிரித்து வைப்பேன். டீ ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற கதை அல்ல அது. அதனால் எழுதி வைக்கிறேன்.

என் பெயர் சின்னச்சாமி. திருப்பூரின் தெற்குப் பக்கம், வீரபாண்டியை ஒட்டிய ஒரு பகுதியில் குடிநீர்ப் பிரிவில் வேலை. சேர்ந்த புதிதில் குழாய் உடைந்த இடங்களில் குழி தோண்டினேன். பிறகு பைப் தூக்கினேன். அதற்கும் பிறகு ஒருநாள், வால்வு திறப்பவருக்கு உடம்புக்கு முடியாமல் போக, அவருடைய இரும்புச் சாவி என் கைக்கு வந்தது.

சாவி என்றால் பூட்டுச் சாவி அல்ல. நெஞ்சு உயர இரும்புக் கம்பி. மேலே பிடிப்பதற்குக் குறுக்காக ஒரு கம்பி, கீழே சதுரமாக ஒரு வாய். ரோட்டு ஓரத்தில் இருக்கும் குழியின் மூடியைத் தூக்கி, உள்ளே சேர்ந்த சேற்றை வழித்து எறிந்துவிட்டு, வால்வின் தலையில் அந்த வாயைப் பொருத்தித் திருக வேண்டும். அவசரப்படக் கூடாது. படக்கென்று திருகினால் குழாய்க்குள் இருக்கும் காற்று முட்டி, எங்காவது ஒரு ஜாயின்ட் பிய்த்துக்கொள்ளும். மெதுவாகத் திறந்தால் முதலில் வீடுகளின் குழாய்கள் சீறும். பிறகு செம்மண் நிறத்தில் கொஞ்சம் வரும். அதன் பிறகுதான் தெளிந்த தண்ணீர். ஒரு தெருவை மூடிய பின்தான் அடுத்த தெருவைத் திறக்க வேண்டும்.

அலுவலகத்தில் எனக்கு உட்கார ஒரு பெஞ்சு கூடக் கிடையாது. ஆனால் தெருவில் நான் வேறு ஆள். கல்யாணத்துக்கு நாள் குறிப்பவர்கள் ஜோசியரிடம் கேட்ட பிறகு என்னிடம் கேட்பார்கள், அன்றைக்குத் தண்ணீர் வருமா என்று. பனியன் கம்பெனி முதலாளி ஒருவர் மேட்டுத் தெருவில் இருந்தார். அவருடைய கார் வந்தால் நான் சைக்கிளோடு சாக்கடை ஓரம் ஒதுங்க வேண்டும். அதே மனிதர் காலையில் லுங்கியோடு கேட்டில் நின்று, "சின்னச்சாமி, நாளைக்கு உண்டுங்களா?" என்று கேட்பார். "பாக்கலாமுங்க" என்பேன். தண்ணீர் உண்டென்று எனக்கு நன்றாகத் தெரியும். இருந்தும் பாக்கலாமுங்க என்றுதான் சொல்வேன். அந்த ஒரு வார்த்தையில் இருந்த ருசியை நான் இங்கே மறைக்க விரும்பவில்லை.

என் மனைவி காய்ச்சலில் இறந்துபோன பிறகு அந்தக் குரல்கள்தான் எனக்குத் துணை. மகன் பிரிண்டிங் பட்டறையில் ஷிப்ட் முடித்து வந்து தூங்கிவிடுவான். விடிந்ததும் யாராவது என்னை எதிர்பார்த்து நிற்கிறார்கள் என்பதே எழுந்திருக்கப் போதுமானதாக இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் பிரிவுக்கு ஏ.இ. மேடம் வந்தார். உதவிப் பொறியாளர். தென்காசிப் பக்கத்துக்காரர். மெலிந்த உருவம், கண்ணாடி, எப்போதும் பருத்திச் சேலை. அவருக்கு முன்னால் இருந்தவர்கள் எங்களைக் கதவருகே நிற்க வைத்துப் பேசுவார்கள். இவர் வந்த முதல் வாரமே மேஜையின் எதிர்ப்புறம் ஒரு மர நாற்காலியைப் போடச் சொன்னார். யார் உள்ளே போனாலும், "உக்காருங்க" என்பார். உட்காரும் வரை பேச மாட்டார். நாங்கள் கூச்சப்பட்டு நின்றால் கோப்பைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பார். வேறு வழியில்லாமல் உட்காருவோம். உட்கார்ந்த மனிதனிடம் பொய் சொல்வதும் கஷ்டம், அவன் மேல் கத்துவதும் கஷ்டம் என்பதை நான் அங்கேதான் கண்டேன்.

கவுன்சிலருக்கும் அதே நாற்காலிதான். தனக்கென்று சோபாவைத் தேடுவது போல அவர் அறையைச் சுற்றிப் பார்ப்பார். மேடம், "உக்காருங்க சார், சின்னச்சாமி இப்பதான் எந்திரிச்சார்" என்பார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. ஒரு விஷயத்தை ஒரே ஒரு முறைதான் சொல்வார். சொன்ன பிறகு நம் முகத்தைப் பார்ப்பார். நாம் தலையாட்டும் வரை பார்வை விலகாது.

அவர் வந்த இரண்டாவது கோடையில் ஆற்றிலிருந்து வரும் பெரிய குழாயில் கோளாறு. வாரக்கணக்கில் சரியாகவில்லை. வருகிற கொஞ்சத் தண்ணீரைத் தெருத் தெருவாகப் பங்கிட்டோம். நான் நேரம் பார்த்துத்தான் திறந்தேன், நேரம் பார்த்துத்தான் மூடினேன். ஆனால் மேட்டுத் தெருவில் பாதி வீடுகளில் குழாயிலேயே நேராக மோட்டாரை மாட்டி உறிஞ்சிக்கொண்டார்கள். அதே லைனின் கடைசியில் பள்ளத்தில் இருந்த லைன் வீடுகளுக்கு, ஒரே சுவரை ஒட்டி வரிசையாகக் கட்டி வாடகைக்கு விட்ட ஒற்றை அறைகளுக்கு, குழாயில் காற்றுதான் வந்தது. அங்கே இருந்தவர்கள் எல்லாம் பனியன் கம்பெனிகளில் வேலை செய்பவர்கள். மதுரைப் பக்கத்தவர்கள், பீகார்க்காரர்கள், எங்கள் பக்கத்து ஆட்கள் என்று கலந்து இருந்தார்கள்.

மோட்டார் விஷயம் எனக்குத் தெரியும். மேட்டுத் தெருவில் யார் வீட்டுக் கதவைத் தட்டி நான் கேட்பது? தெருக்குழியோடு என் அதிகாரம் முடிந்துவிடும். காம்பவுண்டு சுவருக்குள் நான் வெறும் சின்னச்சாமி.

ஒரு காலை, மேட்டுத் தெருவுக்கு மேலே இருந்த வால்வை மூடிவிட்டு நிமிர்ந்தேன். லைன் வீட்டுப் பெண்கள் என்னைச் சுற்றி நின்றார்கள். காலிக் குடங்கள். சிலர் சத்தம் போட்டார்கள். நான் காசு வாங்கிக்கொண்டு மேட்டுக்குத் திறந்துவிடுகிறேன் என்றார்கள். அவர்களை விலக்கிக்கொண்டு ஒரு பெண் வந்தாள். நாற்பதை நெருங்கும் வயது. கம்பெனிக்குக் கிளம்பி நின்றவள் போலத் தலைவாரி, கழுத்தில் அடையாள அட்டை. சாவியின் குறுக்குக் கம்பியில் கை வைத்தாள்.

"ஏனுங்க, இது எங்கூட்ல இருக்கட்டுமுங்க. தண்ணி உடற அன்னைக்கு வந்து வாங்கிக்கங்க."

"இது அரசாங்கத்துச் சாமானுங்க" என்றேன்.

"தெரியுமுங்க. பத்திரமா வெச்சுக்கறேன்."

பிடுங்கவில்லை. கை வைத்தபடியே நின்றாள். நான்தான் விட்டேன். அவள் அந்தக் கனத்த கம்பியைத் தோளில் சாய்த்துக்கொண்டு பள்ளத்தில் இறங்கிப் போனாள். மற்றவர்கள் பின்னால் போனார்கள். மூடாத குழியின் பக்கத்தில் வெறும் கையோடு நின்றேன். அவள் பெயர் ஈஸ்வரி என்று பிறகுதான் தெரிந்தது.

கவுன்சிலர் எனக்கு முன்பே மேடத்தின் அறைக்குப் போய்விட்டார். "போலீஸ்ல எழுதிக் குடுங்க மேடம். இன்னைக்குச் சாவி, நாளைக்கு டேங்கையே தூக்கிட்டுப் போவாங்க."

மேடம் அவர் பேசி முடிக்கும் வரை காத்திருந்தார். பிறகு என்னைப் பார்த்து, "வேற சாவி இருக்கா, சின்னச்சாமி?" என்று கேட்டார்.

"ஸ்டோர்ல ஒண்ணு இருக்குதுங்க மேடம்."

"அது ஸ்டோர்லயே இருக்கட்டும்."

அன்று மாலை கம்பெனிகள் விட்ட பிறகு மேடம் என்னையும் அழைத்துக்கொண்டு லைன் வீடுகளுக்குப் போனார். ஜீப்பை மேட்டிலேயே நிறுத்தச் சொல்லிவிட்டு நடந்தார். ஈஸ்வரி வாசலில் ஒரு பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டாள். மேடம் அதில் உட்கார்ந்து, "நீங்களும் உக்காருங்க" என்றார். ஈஸ்வரி படியில் உட்கார்ந்தாள். சாவி அவளுக்குப் பின்னால் சுவரில் சாய்ந்து நின்றது.

"என்ன செஞ்சா சரியா இருக்கும்னு நெனைக்கிறீங்க?" என்று கேட்டார் மேடம்.

ஈஸ்வரி திட்டுக்குத் தயாராக இருந்தாள். இந்தக் கேள்விக்குத் தயாராக இல்லை. கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள். "இவரு தண்ணி உடறப்ப நாங்க ஒருத்தரு கூட நிக்கோணுமுங்க. எங்க போவுது, எங்க நிக்குதுன்னு எங்க கண்ணுல பாக்கோணும். வேற ஒண்ணும் வேண்டாமுங்க."

"அப்ப நீங்களே வாங்க. சாவி உங்ககிட்டயே இருக்கட்டும். திருகறது மட்டும் சின்னச்சாமி. குழாய் உடைஞ்சா பதில் சொல்லப் போறது நான்."

அப்படித்தான் அந்தக் கோடையில் எங்கள் நடை தொடங்கியது. தண்ணீர் விடும் நாட்களில் விடியும் நேரம் ஈஸ்வரி சாவியோடு எங்கள் பகுதித் தண்ணீர் டேங்க் அடியில் நிற்பாள். நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருவேன். இரண்டு பேரும் தெருத் தெருவாக நடப்போம். அவள் சாவியை நீட்டுவாள். நான் திருகுவேன். குழாய் சீறும் வரை பேசாமல் நிற்போம்.

தெரு முழுக்க என்னைத் "தண்ணிக்காரண்ணா" என்றுதான் கூப்பிடும். அவள் மட்டும் அண்ணா சொன்னதில்லை. ஏனுங்க என்பாள். எங்கள் பக்கம் அது யாரையும் கூப்பிடுகிற சொல்தான். பெண்டாட்டி புருஷனைக் கூப்பிடுகிற சொல்லும் அதுதான். எனக்கு அது தெரியும். அவளுக்கும் தெரிந்திருக்கும்.

அவளுக்குச் சொந்த ஊர் கொமரலிங்கம். புருஷன் திருப்பூரில் நல்ல கூலி கிடைக்கும் என்று கூட்டிவந்து, சில வருடங்களில் வேறு ஒருத்தியோடு போய்விட்டான். பிள்ளைகள் இல்லை. செக்கிங் வேலை. தைத்து வருகிற பனியன்களில் ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் பார்த்து ஸ்டிக்கர் ஒட்டுகிற வேலை. "எங்கூர்ல தண்ணிக்கு யாரையும் கேக்க வேண்டீதில்லீங்க. அமராவதில எறங்குனா இடுப்புக்குத் தண்ணி. இங்க வந்துதான் தண்ணிக்கு ஒருத்தரு வேணுமுன்னே தெரிஞ்சுது" என்றாள் ஒருநாள். நான் அந்த ஒருத்தராக இருந்தது எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது.

இரண்டு முறை நடந்து பார்த்ததிலேயே மோட்டார்களைக் கண்டுபிடித்துவிட்டாள். சுவருக்கு வெளியே நின்றாலே உறுமல் கேட்கும். "இதைச் சொல்லலீங்களா நீங்க?" என்றாள். "என்னால கதவத் தட்ட முடியாதுங்க" என்றேன். அவள் போய் முதல் கேட்டைத் தட்டினாள். "ஏனுங்க, சித்த மோட்டார நிறுத்துங்க. கீழ தண்ணி வரமாட்டீங்குது." அவ்வளவுதான். ஒரு வீட்டில் முணுமுணுத்தார்கள். ஒரு வீட்டில் கதவைச் சாத்தினார்கள். சாத்தினாலும் மோட்டார் சத்தம் நின்றது. எந்தப் பதவியும் இல்லாத ஒரு பெண் விடிகாலையில் வாசலில் நின்று அமைதியாகக் கேட்பதை அவர்களால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

கடைசி வீடு, நான் முன்பு சொன்ன அந்தப் பனியன் கம்பெனி முதலாளியுடையது. கேட் முன்னால் அவள் நின்றுவிட்டாள். முதல் தடவையாகத் தயங்கினாள்.

"என்னங்க?" என்றேன்.

"எங்க கம்பெனி மொதலாளிங்க."

"வேண்டாம். இந்த ஒரு ஊட்ட விட்டுருங்க."

உள்ளே மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. பெரிய மோட்டார். அவள் கேட்டின் கொண்டியை எடுத்துத் தட்டினாள். அவரே வந்தார். என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், அவள் தோளில் சாய்ந்திருந்த சாவியைப் பார்த்தார்.

"நீ நம்ம கம்பெனிதானே?"

"ஆமாங்க. செக்கிங்ல இருக்கறனுங்க."

"என்ன வேணும்?"

"மோட்டார நிறுத்தோணுமுங்க."

அவர் சிரித்தார். "அதுக்கென்ன கண்ணு, நிறுத்திட்டாப் போச்சு" என்று உள்ளே போனார். சத்தம் நின்றது. அன்று லைன் வீடுகளின் கடைசிக் குழாய் வரை தண்ணீர் போனது. பீகார்ப் பையன்கள் குழாயடியில் தலையை நீட்டிக் குளித்தார்கள். ஒரு பாட்டியம்மா ஈஸ்வரியின் கன்னத்தை வழித்துத் தன் நெற்றியில் நெட்டி முறித்தார். நான் மேட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். என் வேலை வாழ்க்கையில் அதைப் போல ஒரு காலை அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

அந்த வாரக் கடைசியில் அவளுக்குக் கம்பெனியில் வேலை இல்லாமல் போனது. "போன்னு சொல்லலீங்க. ஆர்டர் கம்மியா இருக்குதாமா. கூப்புடறப்ப வா கண்ணுன்னு சூப்பர்வைசரு நல்லபடியாத்தான் சொன்னாரு" என்றாள். வேறு இரண்டு கம்பெனிகளில் கேட்டுப் பார்த்தாள். அங்கேயும் கூப்பிடறோம் என்றார்கள்.

நான் மேடத்திடம் போய்ச் சொன்னேன். அன்றைக்கு உட்காரச் சொல்வதற்கு முன்பே உட்கார்ந்துவிட்டேன். மேடம் அன்று மாலையே அந்த முதலாளி வீட்டுக்குப் போய்வந்தார். மறுநாள் என்னைக் கூப்பிட்டார். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்திருந்தார்.

"ரொம்ப மரியாதையா பேசினார், சின்னச்சாமி. காபி கொடுத்தாங்க. யாரையும் நிறுத்தலை, ஆர்டர் வந்தா முதல்ல அந்தப் பொண்ணைத்தான் கூப்பிடுவேன்னு சொல்றார். அதுக்கு மேல நான் எதைப் பிடிச்சுக் கேக்கறது?"

அவருக்கும் பதில் தெரியாத ஒரு கேள்வி இருந்ததை அன்றுதான் பார்த்தேன். ஒரு காரியம் செய்தார். மேட்டுத் தெருவில் வீடு வீடாக ஆள் அனுப்பி, குழாயில் மாட்டிய மோட்டார்களையெல்லாம் பிடுங்கிக்கொண்டு வரச் செய்தார். முதலாளி வீட்டு மோட்டார் முதலில் வந்தது. கவுன்சிலர் வந்து சத்தம் போட்டார். மேடம் அவரை உட்கார வைத்தார். சில மாதங்களில் மேடத்துக்கு மாறுதல் வந்தது. அதைப் பற்றி அவர் எங்களிடம் எதுவும் பேசவில்லை.

ஆனால் ஈஸ்வரி அதற்கு முன்பே போய்விட்டாள். கோடை மழை பெய்து, பெரிய குழாயும் சரியான பிறகு, ஒருநாள் காலை டேங்க் அடியில் சாவியை என்னிடம் நீட்டினாள். துருப் பிடிக்காமல் இருக்க எண்ணெய் தடவித் துடைத்திருந்தாள்.

"ஊருக்குப் போறனுங்க. அண்ணன் கொஞ்சம் வயலு குத்தகைக்குப் பாத்து வெச்சிருக்காரு."

அந்த ஒரு கோடை முழுக்க அவளிடம் கேட்க வேண்டும் என்று ஒரு கேள்வி என்னிடம் இருந்தது. என்னோடு இருக்க முடியுமா என்று. பல காலைகளில் வாய் வரை வந்தது. ஒவ்வொரு தடவையும் ஒன்று நினைப்பேன். சாவி அவளிடம் இருந்தாலும் திருகுகிற கை என்னுடையது. தண்ணீர் விடுகிறவன் வந்து கேட்டால், வேலையும் போன ஒரு பெண் எப்படி முடியாது என்பாள்? அவள் பயந்து சரி சொல்லிவிட்டால் அது எனக்கு வேண்டாம். கேட்காமல் இருப்பதுதான் முறை என்று நினைத்தேன். அன்றும் அப்படியே நினைத்து, "நல்லபடியா போயிட்டு வாங்க" என்று மட்டும் சொன்னேன். அவள் சித்த நேரம் நின்றாள். பிறகு போனாள்.

அதற்குப் பிறகு வருடக்கணக்கில் தனியாகத் திறந்தேன், தனியாக மூடினேன். "வந்துட்டாருங்க" என்ற குரல் ஓடும்போதெல்லாம் டேங்க் பக்கம் ஒரு தடவை பார்ப்பேன். வேலையில் இருக்கும் வரை அவளைத் தேடிப் போகக் கூடாது, சாவியைக் கொடுத்த பிறகு வெறும் மனுஷனாகப் போக வேண்டும் என்று எனக்கு நானே ஒரு விதி வைத்துக்கொண்டேன். மகனுக்குக் கல்யாணமாகி, பேத்தியும் பிறந்தாள். விதி அப்படியே இருந்தது.

இந்தக் கார்த்திகையில் போனேன். உடுமலையில் இறங்கி பஸ் மாறி, கொமரலிங்கத்தில் ஒரு மளிகைக் கடையில் விசாரித்தேன். வயலைக் காட்டினார்கள். களை பிடுங்கிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். தலை பாதிக்கு மேல் நரைத்திருந்தது.

"ஏனுங்க, இத்தன தூரம்?"

வாய்க்காலில் கைகால் கழுவிவிட்டு வீட்டுக்குக் கூட்டிப் போனாள். கொள்ளுப் பருப்பும் சோறும் போட்டாள். நான் ஓய்வு பெற்றதைச் சொன்னேன். மேடத்தைப் பற்றிக் கேட்டாள். லைன் வீடுகளைப் பற்றிக் கேட்டாள். சாப்பிட்டு முடித்த பிறகு, வந்த காரியத்தைச் சொன்னேன். அன்று ஏன் கேட்கவில்லை என்பதையும் சொன்னேன். "தண்ணி என் கைல இருந்துச்சு. நான் கேட்டா உங்களால முடியாதுன்னு சொல்ல முடியாதுன்னு நெனச்சனுங்க."

அவள் தட்டை எடுக்க வந்தவள் அப்படியே உட்கார்ந்தாள்.

"மொதலாளி ஊட்டுக் கதவ நான் தட்டுனப்ப நீங்க பக்கத்துலதான நின்னீங்க?"

"ஆமாங்க."

"அவருகிட்ட மோட்டார நிறுத்துங்கன்னு சொன்னவ, வேண்டாமுன்னு உங்ககிட்டச் சொல்லமாட்டனாங்க?"

இத்தனை வருடம் என் நல்ல குணம் என்று நான் நினைத்திருந்தது, அந்த இரும்புக் கம்பிக்கு நான் கொடுத்திருந்த மதிப்பு. நான் எவ்வளவு பெரிய ஆள் என்று எனக்குள் இருந்த எண்ணம். அவள் கண்ணுக்கு அன்றும் நான் வெறும் மனுஷனாகத்தான் இருந்திருக்கிறேன்.

"அப்பக் கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

அவள் வெளியே வாசலைப் பார்த்தாள். "வேண்டாமுன்னு சொல்லியிருக்க மாட்டனுங்க" என்றாள். கொஞ்சம் கழித்து, "நான் சாவி குடுத்த அன்னைக்கு நின்னு பாத்தேன். நீங்க ஒண்ணும் சொல்லலீங்க" என்றாள்.

"இப்ப?"

"இப்ப எனக்கு இந்த வயலு இருக்குதுங்க. தனியா இருந்து பழகிப்போச்சு. மறுபடி ஒருத்தருக்குச் சோறு வெச்சுட்டுக் காத்திருக்கறது முடியுமான்னு தெரியலீங்க." குரலில் வருத்தமும் இல்லை, கோபமும் இல்லை. கேட்டதற்கு உள்ளதைச் சொன்னாள், அவ்வளவுதான்.

பஸ் நிறுத்தம் வரை கூட வந்தாள். வழியெல்லாம் நெல்லைப் பற்றியும் எலித் தொல்லையைப் பற்றியும் பேசினாள். பஸ் வருவது தெரிந்ததும், "தை பொறந்தா அறுப்புங்க. அறுப்புக்கு வாங்க, ஆளு பத்தாது" என்றாள்.

குனிந்து நெல் அறுத்து எனக்குப் பழக்கமில்லை. முதுகும் முன்போல இல்லை. ஆனாலும் அன்று உடுமலையில் பஸ் மாறும்போது, விடிகாலையில் கொமரலிங்கத்துக்கு முதல் பஸ் எப்போது என்று விசாரித்துக்கொண்டுதான் வந்தேன்.